பழுப்புக் கறைக்கு விடை சொன்ன புத்தகம்

பழைய புத்தகக் கடையின் சிமென்ட் தரையில் புவனா சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தாள். எதிரே ஐந்து வேதியியல் புத்தகங்கள். ஒவ்வொன்றாக எடுப்பாள். பின்னட்டைப் பக்கமிருந்து புரட்டுவாள். ஏதோ ஒரு பக்கத்தில் விரலை ஓட்டிப் பார்ப்பாள். பிறகு இடது பக்கம் தள்ளிவிடுவாள். முன்னட்டையை அவள் பார்க்கவே இல்லை.

கடைக்காரர் லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு வந்து நின்றார்.

"இன்னாம்மா, மீனுக்குச் செவுளு பாக்குற மாதிரி பாக்குற?"

"செவுளு சிவப்பா இருந்தாத்தான வாங்க முடியும்" என்றாள், தலையை நிமிர்த்தாமல்.

புதுச்சேரி பெரிய மார்க்கெட்டுக்குப் பின்னால் இருக்கும் சந்து அது. காற்றில் நிஜமாகவே மீன் இருந்தது. நான் கடை வாசலில் கால் மாற்றிக் கால் மாற்றி நின்றுகொண்டிருந்தேன். ஓர் இடத்தில் நிற்கிற உடம்பில்லை என்னுடையது. பேருந்து நிறுத்தத்தில்கூட இந்த முனைக்கும் அந்த முனைக்கும் நடப்பேன்.

அன்று நிற்க முடியாமல் போனதற்கு வேறு காரணமும் உண்டு. அதற்கு முந்தைய இரண்டு மாதமும் அவளுக்குப் புத்தகம் தேர்ந்தெடுத்துக் கொடுத்தவள் நான்தான். இரண்டு முறை கொடுத்தேன். இரண்டு முறையும் தப்பு.

வாஷிங்

புவனா என் நாத்தனார், கணவரின் தங்கை. முப்பத்தாறு வயது. பத்தாவதோடு படிப்பு நின்றது. கட்டிக்கொடுத்த ஊரிலிருந்து ஒருநாள் ஒற்றைப் பையோடு ஒதியம்பட்டில் இருக்கும் எங்கள் வீட்டுக்குத் திரும்பி வந்தாள். அந்தக் கதை நான் எழுதும் இந்தத் தொடரில் வராது. அவள் அனுமதி கொடுக்கவில்லை.

வந்த மாதமே ஒரு மருந்துக் கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்தாள். வில்லியனூரில் கம்பெனி வேன் ஏற்றிக்கொள்ளும். மருந்தைச் சோதித்துப் பார்க்கும் லேபில், கண்ணாடிச் சாமான் கழுவுகிற வேலை. குடுவை, பிப்பெட், பியூரெட். பியூரெட் என்பது கைநீளக் கண்ணாடிக் குழாய். உடம்பெல்லாம் கோடு போட்டிருக்கும், அடியில் சின்னக் குழாய்த் திருகு இருக்கும். பதினோரு வருஷமாகப் பியூரெட் கழுவினாள். ஒருமுறைகூட ஒன்றை நிரப்பியதில்லை.

லேபில் அவளுக்குப் பெயர் கிடையாது. "வாஷிங்! நாலு பிளாஸ்க்!" என்று கூப்பிடுவார்கள். அவள் திரும்பிப் பார்ப்பாள்.

வீட்டுக்கு வரும்போது அவள் விரல் நுனிகள் ஊறிய கொண்டைக்கடலை போல இருக்கும். சாப்பிடும்போது ரசம் பட்டால் எரியும் என்பாள். அதை ஒரு புகாராக ஒருநாளும் சொன்னதில்லை. மழை வரும் போலிருக்கிறது என்பதைப் போலச் சொல்வாள்.

அவளைத் தொந்தரவு செய்தது வேறு. கிணற்றில் போடுவோமே ஊதா மருந்து, பர்மாங்கனேட்டு, அது லேபில் தினமும் புழங்கும். ஊதாவை ஊற்றி வைத்த பியூரெட்டில் மறுநாள் பழுப்புக் கறை பிடித்திருக்கும். சோப்புக்குப் போகாது, பிரஷ்ஷுக்குப் போகாது. ஆக்சாலிக் அமிலம் என்ற வெள்ளைத் தூளைச் சுடுதண்ணீரில் கரைத்து ஊற்றினால், பொடிப்பொடியாகக் குமிழ் விட்டு, கறை இருந்த இடமே தெரியாமல் போய்விடும். போகிறது சரி. ஏன் போகிறது?

ஒருநாள் லேபில் இருந்தவரிடம் கேட்டிருக்கிறாள்.

"கழுவுனா போவுதில்ல? அப்புறம் ஒனக்கு எதுக்கு அது?" என்றாராம்.

இதை என்னிடம் சொல்லும்போது அவள் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். குரலில் ஒன்றும் இல்லை. கீரைத் தண்டு மட்டும் வழக்கத்தைவிடச் சிறிது சிறிதாக ஒடிந்தது.

அண்ணிக்குத் தெரியும்

அந்தப் பதினோராவது வருஷம் கம்பெனியில் புது லேப் கட்ட ஆரம்பித்தார்கள். லேப் பொறுப்பாளர் அம்மா ஒருவர், புவனாவைத் தனியாகக் கூப்பிட்டு ஒரு விஷயம் சொன்னார். உதவியாளர் இடம் ஒன்று வரும், உள்ளே இருப்பவர்களிலிருந்தே எடுக்கலாம் என்று அவர் பேசிப் பார்ப்பார். ஆனால் வேதியியலோடு ப்ளஸ் டூ தேறியிருக்க வேண்டும். புது லேப் திறப்பதற்குள் சான்றிதழ் கையில் இருக்க வேண்டும். இல்லையென்றால் வெளியாள்தான்.

ஒரு வருஷத்துக்குக் கொஞ்சம் மேல் அவகாசம். வேலையை விடாமல் வீட்டிலிருந்தே படித்துத் தேர்வு எழுத வழி இருந்தது. இரண்டு வருஷப் பாடத்துக்கும் சேர்த்து ஒரே தேர்வு. செய்முறைத் தேர்வும் உண்டு. மற்ற பாடங்களைப் பற்றி அவளுக்குப் பயமில்லை. வேதியியலுக்கு மட்டும் நல்ல புத்தகமாக வேண்டும் என்றாள்.

என் கணவர் சோற்றைப் பிசைந்துகொண்டே தீர்ப்பு சொன்னார். "உங்க அண்ணி கெமிஸ்ட்ரியில எரநூத்துக்கு நூத்தி எழுவத்தெட்டு. அதுக்கும் மேல புக்கு வேற எழுதுது. புக்குன்னா அதுக்குத் தெரியாதா?"

தெரியும் என்றுதான் நானும் நினைத்தேன்.

காக்கி அட்டை

முதலில் நான் வாங்கியது ஒரு மெல்லிய கையேடு. தேர்வில் அடிக்கடி கேட்கிற கேள்விகள் மட்டும், சின்னச் சின்னப் பதில்களோடு. அறுபது பக்கம். கடையில் எடுத்துப் பார்த்ததும் மனம் லேசாகிவிட்டது. இதை மனப்பாடம் செய்தால் தேறிவிடலாம். அவளுக்குத் தேவை தேர்ச்சி, அவ்வளவுதானே.

ஒரே ஒரு சங்கடம். அட்டையில் பெரிய எழுத்தில் 'மெல்லக் கற்போருக்கான கையேடு' என்று போட்டிருந்தது.

வீட்டுக்கு வந்து காக்கித் தாளில் அட்டை போட்டேன். லேபிள் ஒட்டி அவள் பெயரை என் கையால் எழுதினேன். அன்பாகத்தான் செய்தேன். அன்பாகச் செய்ததால்தான் இன்னும் உறுத்துகிறது.

ஐப்பசி மழை. வேனிலிருந்து இறங்கி வீட்டுக்கு வருவதற்குள் அவள் பை நனைந்துவிட்டது. கையேட்டை எடுத்துத் துடைக்கப் போனாள். நனைந்த காக்கித் தாளுக்கு ஒரு குணம் உண்டு. மறைக்கச் சொன்னதைக் காட்டிக்கொடுத்துவிடும். எழுத்து ஒவ்வொன்றாக மேலே வந்தது.

நான் அடுப்படியில் இருந்தேன். வாசற்படியில் நின்றபடி கேட்டாள்.

"அண்ணி, நான் மெல்லமா கத்துக்குறவளா?"

"இல்ல புவனா... பாஸ் பண்ணாப் போதும்னு நெனச்சேன்."

"பாஸ் பண்றதுக்குப் புக்கு எதுக்கு அண்ணி? பிட்டு போதுமே."

சிரித்துக்கொண்டே சொன்னாள். அட்டையை உரித்துச் சுருட்டி வெளியே எறிந்தாள். கையேட்டை எறியவில்லை. அலமாரியில், எல்லோர் கண்ணிலும் படும் இடத்தில், முகப்பு தெரியும்படி நிறுத்தி வைத்தாள். இன்றைக்கும் அங்கேதான் நிற்கிறது.

வெட்டுப்படாத தாள்கள்

இரண்டாவது முறை கவனமாக இருந்தேன். கனமான புத்தகமாகப் பார்த்து, ப்ளஸ் டூ வேதியியல் இரண்டு தொகுதியும், விளக்க உரை ஒன்றும் வாங்கினேன். மூன்றையும் அடுக்கினால் ஒரு முழம் இருக்கும். இனி யார் என்ன சொல்ல முடியும்?

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் கேட்டாள். "மோலுன்னா இன்னா அண்ணி? வரிக்கு வரி மோலு மோலுன்னு வருது. இன்னான்னு எங்கியும் சொல்லல."

"ஆறு புள்ளி பூஜ்யம் ரெண்டு மூணு பெருக்கல் பத்தின் அடுக்கு இருபத்து மூணு" என்றேன். முப்பது வருஷத்துத் தூக்கத்திலிருந்து அந்த எண் தடுக்காமல் எழுந்து வந்தது.

"புக்குல கடைசியா ரெண்டு ரெண்டுன்னு போட்டிருக்குது."

"எங்க காலத்துல மூணு."

"நடுவுல ஒண்ணு கொறைஞ்சி போச்சா?" என்றாள். பிறகு, "சரி, அந்த நம்பரு. அது இன்னா?"

அந்த எண்ணையே இன்னொரு முறை சொல்லிப் பார்த்தேன்.

இங்கே பாகூருக்குப் போக வேண்டும். என் பிறந்த ஊர். ஏரிக்கரையை ஒட்டி வரும் பேருந்தில் ஏறி ஒரு தனியார் பள்ளிக்குப் போய்க்கொண்டிருந்தேன். ஏரி நிறைந்த மாதங்களில் ஜன்னல் பக்கத்து முகங்கள் எல்லாம் வெளிச்சமாக இருக்கும். அந்த வெளிச்சத்தில் சமன்பாடுகளை முணுமுணுத்துக்கொண்டே போவோம்.

பதினொன்றாம் வகுப்பில் சேர்ந்ததும் ப்ளஸ் ஒன் வேதியியல் புத்தகம் கொடுத்தார்கள். அடுத்த வாரமே ப்ளஸ் டூ பாடத்தை ஆரம்பித்துவிட்டார்கள். இரண்டு வருஷமும் அதே பாடம்தான், திரும்பத் திரும்ப. அப்போது ப்ளஸ் ஒன்னுக்குப் பொதுத்தேர்வு கிடையாது. மார்க் வராத இடத்தில் எதற்குக் காலத்தைப் போக்குவது? பல பள்ளிகளில் இதுதான் வழக்கம். யாருக்கும் இது விசித்திரமாகப் படவில்லை. எங்கள் வீட்டில், நல்ல பள்ளிக்கூடம், சீக்கிரமே ஆரம்பித்துவிட்டார்கள் என்று சந்தோஷப்பட்டார்கள்.

ஆய்வுக்கு அதிகாரி வருவதற்கு முதல் நாள் மட்டும் மிஸ் சொல்வார்: "நாளைக்கு எல்லாரும் ப்ளஸ் ஒன் புக்கு எடுத்துக்கிட்டு வாங்கடி." எடுத்துக்கொண்டு போவோம். மேஜை மேல் வைப்போம். அதிகாரி போனதும் பையில் போடுவோம்.

ப்ளஸ் டூ புத்தகத்திலும் பாதிதான். ஸ்கேல் வைத்து அடித்துவிடச் சொல்வார்கள். "இது வராது." "இதுவும் வராது." கேள்வியாக வராதது எதுவும் உலகத்தில் இல்லை என்று நம்பி வளர்ந்தோம்.

என் ப்ளஸ் ஒன் புத்தகத்தில் இரண்டு தாள்கள் அச்சகத்தில் சரியாக வெட்டுப்படாமல் ஓரத்தில் ஒட்டிக்கொண்டிருந்தன. வருஷக் கடைசியில் அதைப் பழைய பேப்பருக்குப் போடும்போதும் ஒட்டித்தான் இருந்தன. உள்ளே என்ன எழுதியிருந்தது என்று எனக்குத் தெரியாது. ஒருவேளை மோல் அங்கேதான் இருந்திருக்கும்.

நூற்று எழுபத்தெட்டு வாங்கிய நான், ப்ளஸ் ஒன் என்று ஒரு புத்தகம் இருப்பதையே மறந்து, புவனாவுக்கும் மாடியை மட்டும் வாங்கிக் கொடுத்திருந்தேன். படியை வாங்கவில்லை.

"தெரியாது புவனா" என்றேன்.

அவளுக்குக் கோபம் வரவில்லை. கொஞ்ச நேரம் என் முகத்தையே பார்த்தாள், ஒரு குடுவையைக் கழுவி வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பது போல.

"வர்ற ஞாயித்துக்கெழம நானே வந்து பாக்கறேன். நீங்க கூட வாங்க, போதும்."

தரையில் ஐந்து புத்தகம்

அப்படித்தான் அந்தச் சந்துக்கு வந்தோம்.

அவளிடம் இருந்தது ஒரே ஒரு கேள்வி. ஊதா பிடித்த கண்ணாடியில் வரும் பழுப்புக் கறை ஆக்சாலிக்கில் ஏன் போகிறது? எந்தப் புத்தகம் அதைச் சொல்கிறதோ அதுதான் அவளுடைய புத்தகம். பின்பக்கச் சொல்லடைவில் பர்மாங்கனேட்டைத் தேடி, அது இருக்கும் பக்கத்தைத் திறந்து, படித்தாள்.

முதல் புத்தகம் நுழைவுத்தேர்வுக்கானது. செங்கல் கனம். "சமன்பாடு இருக்குது. ஆனா அழுக்கே இல்ல இதுல" என்று தள்ளினாள்.

இரண்டாவதில் கேள்வியும் பதிலும் மட்டும். "இவங்க கேட்டதுக்கு இவங்களே பதில் சொல்லிக்கறாங்க." தள்ளினாள்.

மூன்றாவதில் அந்தப் பக்கமே இல்லை, யாரோ கிழித்திருந்தார்கள். நான்காவது ஆங்கிலம், எழுத்துக்கூட்டி இரண்டு வரி படித்து, "இது அடுத்த வருஷத்துக்கு" என்று தனியாக வைத்தாள்.

ஐந்தாவது, அட்டை போன ஒரு பழைய செய்முறைப் புத்தகம். அமிலம் பட்ட ஓட்டைகள். ஒரு பக்கத்தில் அவள் விரல் நின்றது. உதடு அசைந்தது. பிறகு சத்தமாக, கடைக்காரருக்கும் கேட்கும்படி படித்தாள். பழுப்பாக வருவது மாங்கனீசு டை ஆக்சைடு. ஆக்சாலிக் அமிலம் அதை ஒடுக்குகிறது. அப்போது அது தண்ணீரில் கரையும் உப்பாகிறது. கரியமில வாயு குமிழாக வெளியேறுகிறது.

"குமிழி போட்டிருக்கான் அண்ணி! குமிழிய எழுதிருக்கான்!"

பதினோரு வருஷம் அவள் தனியாகப் பார்த்த குமிழ்.

உடனே முகம் மாறியது. "ஒடுக்குதுன்னா இன்னா?"

நான் உதட்டைப் பிதுக்கினேன். பழகிவிட்டது.

கடைக்காரர்தான் சொன்னார். "அது ப்ளஸ் ஒன்னுலல்ல வரும்? எவனும் வாங்க மாட்டான்மா. அடியில கெடக்குது."

நிஜமாகவே அடியில்தான் கிடந்தது. தரை ஈரம் மற்ற புத்தகங்களில் ஏறாமல் இருக்க, அடுக்குகளுக்கு அடியில் ப்ளஸ் ஒன் புத்தகங்களைப் போட்டிருந்தார். ஒன்றை உருவினார். மேலே இருந்த அடுக்கு ஒருமுறை ஆடி நின்றது. பழைய புத்தகம், ஆனால் யாரும் படித்த தடம் இல்லை. ஒரு கோடு இல்லை, ஒரு பெயர் இல்லை.

புவனா புரட்டினாள். முதல் பாடத்திலேயே இரண்டு தாள்கள் ஓரத்தில் ஒட்டியிருந்தன.

என் புத்தகம் இல்லை அது, எனக்குத் தெரியும். என்னுடையது எப்போதோ கூழாகிப் போயிருக்கும். இருந்தாலும் இரண்டடி கிட்டே போனேன். புவனா கொண்டையிலிருந்து ஊசியை உருவி, மடிப்பில் விட்டு, சர்ரென்று இழுத்தாள். தாள்கள் பிரிந்தன. குனிந்து பார்த்தேன்.

மோல்.

எடை போட்டு எண்ணுவது

அதன் பிறகு நான் புத்தகம் எதுவும் வாங்கிக் கொடுக்கவில்லை. வேன் போகிற போக்கில் ப்ளஸ் ஒன், ஞாயிற்றுக்கிழமைகளில் ப்ளஸ் டூ, கை காய்கிற நேரத்தில் அந்த அட்டை போன செய்முறைப் புத்தகம் என்று அவளே வைத்துக்கொண்டாள். ஒரு பாடம் புரிந்ததா என்று தெரிந்துகொள்ள, அதை லேபில் எங்கே பார்த்தோம் என்று யோசிப்பாள். பார்த்த இடம் கிடைத்தால் அடுத்த பாடம்.

ஒருநாள் துணி மடித்துக்கொண்டிருந்த என்னிடம் வந்தாள்.

"அண்ணி, பேக்கிங்ல மாத்திரைய ஒண்ணு ஒண்ணா எண்ணமாட்டாங்க. நூறு மாத்திரை இன்னா எடைன்னு தெரியும். மொத்தத்தையும் எடை போட்டா எத்தினின்னு வந்துடும். அதான் மோலு. எண்ண முடியாதத எடை போட்டு எண்றது. அந்தப் பெரிய நம்பரு சும்மா ஒரு டஜன் மாதிரி."

துணியைக் கீழே வைத்துவிட்டேன். முப்பது வருஷம் சுமந்த ஓர் எண், ஒரு ஞாயிற்றுக்கிழமை, நாத்தனார் வாயிலிருந்து, அர்த்தமாக இறங்கியது.

செய்முறைத் தேர்வுக்கு நான் துணைக்குப் போனேன். வராந்தாவில் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடந்தபோது ஜன்னல் வழியாகத் தெரிந்தது. மற்றவர்கள் பியூரெட்டை எடுத்ததும் கரைசலை ஊற்றினார்கள். இவள் முதலில் வாலை வடிநீரால் அலசினாள், பிறகு அதே கரைசலில் கொஞ்சம் விட்டு அலசிக் கொட்டினாள், பிறகுதான் நிரப்பினாள். தேர்வாளர் பக்கத்தில் வந்து நின்றார்.

"எங்கம்மா படிச்ச?"

"கழுவுற எடத்துல சார்."

தேறிவிட்டாள். என் மார்க்கோடு வைத்துப் பார்த்தால் குறைவுதான். என் கணவர் அதைச் சொல்ல வாயெடுத்தார்; நான் பார்த்த பார்வையில் தண்ணீர் குடித்துவிட்டார். சான்றிதழ், புது லேப் திறப்பதற்கு ஒரு மாதம் முன்பே கைக்கு வந்தது. பொறுப்பாளர் அம்மா சொன்ன சொல் தவறவில்லை.

புது மேஜையில் முதல் நாள். சாயங்காலம் வந்தவளுக்குச் சாப்பாடு போட்டேன். ரசத்தை அவளே கேட்டு வாங்கிக்கொண்டாள். பேச்சு நிற்கவில்லை. ஊதாவை நிரப்பினாளாம். கடைசிச் சொட்டில் நிறம் லேசாக இளஞ்சிவப்பாகி அப்படியே நின்றதாம்.

"அப்புறம் அந்த பியூரெட்ட அப்பிடியே வெச்சிட்டேன் அண்ணி. நான் அழுக்காக்குன பியூரெட்டு! வாஷிங்க கூப்புட்டு எடுத்துக்கச் சொன்னேன். புதுசா ஒரு பொண்ணு வந்திருக்குது."

"பேரு இன்னா?" என்றேன். பேச்சுக்குத்தான் கேட்டேன்.

பிசைந்த கை நின்றது. தட்டையே பார்த்தாள்.

"கேக்கல அண்ணி."

மீதிச் சோற்றைச் சாப்பிட்டாள். தட்டைக் கழுவி வைத்துவிட்டு, ப்ளஸ் ஒன் புத்தகத்தை எடுத்துக் கொஞ்ச நேரம் கையில் வைத்திருந்தாள். திறக்கவில்லை.

மறுநாள் சாயங்காலம் செருப்பைக் கழற்றுவதற்கு முன்பே, வாசலில் நின்றபடி சொன்னாள்.

"வனிதாவாம் அண்ணி. ஊரு மடுகரை."